பதினான்காவது

கொம்பனித்தெரு, ஐந்தாம் மாடி.
இருபத்துமூன்று புதுக் கொம்பியூட்டர்கள்,
திரையின் பொலித்தீன்கூட உரிக்காமல்.
நாளை எட்டரைக்குக் காப்புறுதிக்காரர் வந்து
குந்தும்போது எல்லாம் தயாராய் இருக்க வேணுமாம்.
ஒவ்வொன்றாய்ச் செய்தால் விடிந்துவிடும்.
ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்.

எழுதுவது சுகம். கஷ்டம் எங்கென்றால்,
நடுவில் அது தன்னை அணைத்து எழும்ப வேண்டும்,
பெயர் மாற்றினால் ஒருமுறை,
அலுவலக வலையில் சேர்த்தால் இன்னொருமுறை.
எழும்பும்போது அதற்கு ஒன்றும் ஞாபகமில்லை.
எதுவரை வந்தேன், அடுத்து என்ன,
எல்லாம் மின்சாரத்தோடு போய்விடும்.
ஆகவே படுக்குமுன் ஒரு துண்டு எழுதி
வாசலில் வைத்துவிட்டுப் படுக்க வேண்டும்:
கண் விழித்ததும் மூன்றாம் படியிலிருந்து தொடங்கு.
முழு அதிகாரத்தோடு தொடங்கு.

அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால்
திரை மங்கும், ஒரு பெட்டி எழும்பிக் கேட்கும்:
மாற்றங்கள் செய்ய இதை அனுமதிக்கிறீர்களா?
ஆம். இல்லை.
ஆளில்லாத மண்டபத்தில்
இருபத்துமூன்று பெட்டிகள்
யாரோ ஒருவரின் விரலுக்காக நிற்கும்.

எனக்கு அந்தப் பெட்டியைத் தெரியும்.
வெள்ளவத்தையில் வாடகைக்கு அறை தேடியபோது
நாலு வீட்டில் கண்டேன்:
"கணவர் வந்து கையெழுத்து வைப்பாரா?"

பத்தரைக்கு எல்லாவற்றையும் தட்டிவிட்டேன்.
விசிறிகள் ஒன்றாய் மூச்செடுத்தன.
காவலாளி ஆரியதாச பிளேன்ரீ கொண்டுவந்தார்,
இஞ்சி கொஞ்சம் கூட.
வரிசையாய்த் திரைகள் கறுத்தன,
வரிசையாய் வெளுத்தன.
"மிஸ் தொடவே இல்லையே."

பதினான்கு மட்டும் மறுபடி கறுத்தது.
வெளுத்தது.
கறுத்தது.
துண்டை எடுக்கிறது, வாசிக்கிறது,
சொன்னதைச் செய்கிறது, படுக்கிறது.
எழும்பினால் அதே துண்டு, அதே இடத்தில்.
"பேய் புடிச்சா மிஸ்?"
இல்லை, சொன்னதை அப்படியே கேட்குது,
அதுதான் பிரச்சினை என்றேன்.

பிழை என்னுடையது.
நேற்றுச் சோதித்துப் பார்த்த பழைய பிரதி
அதற்குள் கிடந்திருக்கிறது.
ஒரு வரி விட்டுப்போன பிரதி:
இந்தப் படி முடிந்தது என்று
எங்காவது ஒரு மூலையில் குறித்துவை.
அவ்வளவுதான்.
முடித்தாலும், முடித்ததென்று பதியாவிட்டால்
முடியவில்லை.

ஆறு தரம் எழும்பியது, எண்ணினேன்.
புதுக்கடையில் என் வழக்கும் ஆறு தவணை.
பெயர் கூப்பிடுவார்கள், எழும்பி நிற்பேன்,
கோவை திறக்கும், அதே பக்கம்.
எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குச் சுகமில்லை.
கோவை மூடும்.
சேலை கசங்குமுன் பஸ் ஏறி
வேலைக்கு வந்துவிடுவேன்.
திரும்பி வர ஆளில்லாத ஒரு கலியாணம்
இன்னும் அங்கே எழும்பி எழும்பி நிற்கிறது.

ஏழாவது கறுப்புக்கு முன்
வெளுத்த கணத்தில் உள்ளே புகுந்து
கையாலேயே துண்டை அழித்தேன்.
அனுமதிக்கிறீர்களா என்றது.
ஆம் என்று அழுத்தினேன்,
தேவைக்கு மேல் பலமாக.
ஆரியதாச கோப்பையைப் பார்த்தார், விசைப்பலகையைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.

கடைசிப் படிதான் எனக்குப் பிடித்தது.
தானாய் உள்நுழைய வைத்த கடவுச்சொல்
எவரும் வாசிக்கலாம் என்று வெறும் எழுத்தில் கிடந்தது,
சொல்ல வெட்கம். அதைத் துடைக்க வேண்டும்.
இரவல் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
ஸ்கிரிப்ட் தன்னையும் அழித்துக்கொள்ளும்.
இந்தப் பட்டணத்தில்
அதிகாரம் அப்படித் தானாய்ப் போனதை
நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரு மணி. கடைசி ரெயில் எப்போதோ போய்விட்டது.
கண்ணாடிக்கு அப்பால் பேரை வாவி,
அதில் யாருடையதோ விளம்பர வெளிச்சம்
சிவந்து, அணைந்து, சிவந்து.
இருபத்துமூன்று திரைகளும்
பெயர் கேட்டபடி நிற்கின்றன.

எட்டரைக்கு ஒருவர் வருவார்,
பதினான்கின் முன் குந்துவார்,
மௌஸ் இடக்கைப் பக்கம் இருக்குது என்று
முறைப்பாடு எழுதுவார்.